ட்ரெட்மில் 230 காட்டுகிறது, உண்மையில் எரிந்தது எவ்வளவு? கார்டியோ கலோரிக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்களில் பெரும்பாலும் ஒரே ஆளை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறோம். 40 வயதுப் பெண், எடை 60 கிலோ, உயரம் 155 செ.மீ. ஜிம்மில் ட்ரெட்மில்லில் மணிக்கு 5.5 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடக்கிறார். இறங்கும்போது திரையில் 230 கலோரி. உங்கள் எடையையும் வேகத்தையும் போட்டு அதே கணக்கை நீங்களே செய்து பார்க்கலாம். இங்கே கலோரி என்று சொல்வதெல்லாம் பிஸ்கட் பாக்கெட்டில் கிலோகலோரி என்று அச்சாகிற அதே அளவுதான்.

அந்த 230 சரியா, தப்பா?

மெஷின் தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது. நீங்கள் கேட்க நினைத்த கேள்வி வேறு, அது பதில் சொன்ன கேள்வி வேறு.

முதலில் எடை. ஏறியதும் 'குவிக் ஸ்டார்ட்' பொத்தானைத் தட்டி நடக்க ஆரம்பித்தால், மெஷின் தன்னிடம் ஏற்கெனவே பதிந்திருக்கும் எடையை எடுத்துக்கொள்ளும். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 70 கிலோவை ஒட்டி இருப்பது சகஜம். இந்த வேகத்து நடைக்கு உடற்பயிற்சி அட்டவணை கொடுக்கும் மதிப்பு 4.3 மெட், அதாவது ஓய்வில் ஆகிற செலவைப்போல 4.3 மடங்கு (விவரம் அடுத்த பதிலில்). 4.3 × 70 × 0.75 மணி = 226. திரையில் தெரிந்தது இதுதான், கொஞ்சம் முன்பின்.

எடையை 60 என்று போட்டிருந்தால் 4.3 × 60 × 0.75 = 194 வந்திருக்கும். 32 கலோரி அங்கேயே காணாமல் போகிறது.

இரண்டாவது விஷயத்தைத்தான் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. அந்த 194-க்குள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியும் சேர்ந்திருக்கிறது. மூச்சு விடவும் இதயம் துடிக்கவும் உடம்பைச் சூடாக வைத்திருக்கவும் ஆகிற செலவு அது. நடக்காமல் வீட்டிலேயே இருந்திருந்தாலும் ஆகியிருக்கும். 60 கிலோவுக்கு 45 நிமிடத்தில் சுமார் 45 கலோரி. அதைக் கழித்தால் 149. நடந்ததால் *கூடுதலாக* எரிந்தது இவ்வளவுதான். மொத்தக் கணக்கு 194, நிகரக் கணக்கு 149. எடை குறைக்க நினைப்பவருக்கு வேண்டியது நிகரக் கணக்கு.

இன்னும் கறாராகப் பார்த்தால், அந்த முக்கால் மணி நேரம் அவர் வீட்டில் நிஜமாகவே சும்மா இருந்திருப்பாரா? வீடு கூட்டுவதற்கே அட்டவணையில் 3.3 மெட் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு ஜிம்முக்குப் போகிறவரின் உண்மையான லாபம் 149-ஐவிடக் குறைவு. யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்கச் சொல்லவும் மாட்டோம். ஆனாலும் விஷயம் அதுதான்.

மெட், மெட் என்கிறீர்களே, அது என்ன?

ஓய்வில் இருக்கும்போது ஆகிற செலவை 1 என்று வைத்துக்கொண்டு, ஒரு வேலைக்கு அதைப்போல எத்தனை மடங்கு ஆகிறது என்று சொல்லும் எண். 1 மெட் என்பது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆக்சிஜன், கலோரியில் சொன்னால் ஒரு கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1. அதனால்தான் 'மெட் × எடை × மணி' என்ற சுலபமான பெருக்கலிலேயே விடை கிடைத்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு இந்த எண்ணைத் தொகுத்த அட்டவணையை பார்பரா எய்ன்ஸ்வொர்த் தலைமையிலான குழு 1993-ல் வெளியிட்டது. 2000, 2011, 2024 ஆண்டுகளில் அதைப் புதுப்பித்தார்கள். உங்கள் போனில் இருக்கும் ஆப்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் எடுக்கின்றன. இந்தப் பக்கத்தில் வரும் மெட் மதிப்புகள் 2011 பதிப்பில் உள்ளவை.

இதிலும் ஒரு ஓட்டை உண்டு. 3.5 என்பது 70 கிலோ எடையும் 40 வயதும் உள்ள ஒரே ஒரு ஆணிடமிருந்து வந்த எண். 2005-ல் 769 பேரை நிஜமாகவே அளந்து பார்த்தபோது சராசரி 2.6 மி.லி.தான் வந்தது. வயது கூடக் கூட, உடலில் கொழுப்பின் பங்கு கூடக் கூட, உண்மையான ஓய்வுச் செலவு 1 மெட்டுக்குக் கீழே போகும். நம் உதாரணப் பெண்ணுக்கு மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரத்தைப் போட்டால் (10 × எடை + 6.25 × உயரம் − 5 × வயது − 161) ஒரு நாளைக்கு 1208 கலோரி, அதாவது மணிக்கு 50. மெட் கணக்கோ 60 என்று எடுத்துக்கொள்கிறது. ஆண்களுக்கு இதே சூத்திரத்தில் கடைசியில் 161-ஐக் கழிப்பதற்குப் பதில் 5-ஐக் கூட்ட வேண்டும்.

ட்ரெட்மில்லுக்கு அட்டவணையைவிடத் துல்லியமான வழி உண்டா?

உண்டு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சமன்பாடுகள் வேகத்தையும் ஏற்றத்தையும் நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன. வேகத்தை நிமிடத்துக்கு மீட்டராக மாற்றிக்கொள்ளுங்கள்: கி.மீ. × 1000 ÷ 60.

நடை: 0.1 × வேகம் + 1.8 × வேகம் × ஏற்றம் + 3.5
ஓட்டம்: 0.2 × வேகம் + 0.9 × வேகம் × ஏற்றம் + 3.5

ஏற்றத்தைப் பின்னமாகப் போட வேண்டும். 6 சதவீதம் என்றால் 0.06. விடையாக வருவது ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ஆக்சிஜன் என்பது. அதை எடையால் பெருக்கி, 1000-ஆல் வகுத்து, 5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை கலோரி என்று கிடைக்கும். ஒரு லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறக்குறைய 5 கலோரி எரிகிறது என்பதுதான் இதன் அடிப்படை. நிகரக் கணக்கு வேண்டுமானால் கடைசி 3.5-ஐக் கூட்டாமல் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

5.5 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 91.7 மீட்டர். 0.1 × 91.7 = 9.17. 9.17 × 60 ÷ 1000 × 5 = 2.75. 45 நிமிடத்துக்கு 124 கலோரி. அட்டவணை 149 சொன்னது, சமன்பாடு 124 சொல்கிறது. எது சரி என்று சண்டை போட வேண்டாம். வேக நடைக்கு இந்தச் சமன்பாடு கொஞ்சம் குறைத்துச் சொல்லும் பழக்கம் உள்ளது. உண்மை 125-க்கும் 150-க்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் காட்டிய 230-க்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை.

நடைச் சமன்பாடு மணிக்கு 3 முதல் 6 கி.மீ. வரைக்கும், ஓட்டச் சமன்பாடு 8 கி.மீ.க்கு மேலும் பொருந்தும். இடையில் உள்ள வேகத்தில் இரண்டு காலும் ஒரு கணம் தரையைவிட்டு எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் அது ஓட்டம்.

சூத்திரமெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு மனக்கணக்கு: ஓடினால் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1 கலோரி, நடந்தால் அதில் பாதி. 60 கிலோ ஆள் 4 கி.மீ. ஓடினால் 240, நடந்தால் 120. ஓடும்போது வேகத்தைக் கூட்டினால் தூரம் சீக்கிரம் முடியுமே தவிர, ஒரு கிலோமீட்டருக்கான செலவு பெரிதாக மாறாது.

இன்க்ளைன் வைத்தால் எவ்வளவு கூடும்? கைப்பிடியைப் பிடிக்கலாமா?

நிறையவே கூடும். 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நம் ஆளுக்கு நிமிடத்துக்கு 2.5 கலோரி நிகரம். 6 சதவீத ஏற்றம் வைத்தால் 5.2. வேகம் அதேதான், செலவு மட்டும் இரட்டிப்பாகிறது. முட்டி வலியால் ஓட முடியாதவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

ஆனால் கைப்பிடியைப் பிடித்தால் இந்தக் கணக்கு அப்படியே சரிந்துவிடும். ஜிம்மில் 12 சதவீத ஏற்றம் வைத்துக்கொண்டு, முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொங்கிக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள்: அவர் உடம்பு பெல்ட்டுக்குச் செங்குத்தாக இருக்கும். அதாவது மெஷின் எந்த அளவுக்குச் சாய்ந்திருக்கிறதோ அதே அளவுக்கு அவரும் சாய்ந்திருக்கிறார். உடல் எடையில் ஒரு பங்கைக் கை தாங்குகிறது, ஏற்றம் வைத்ததன் பலன் போய்விடுகிறது. மெஷினுக்கு இது தெரியாது; வேகத்தையும் ஏற்றத்தையும் வைத்து முழுக் கலோரியையும் எழுதிக்கொண்டே இருக்கும். கம்பியை விட்டால் நடக்க முடியவில்லை என்றால் ஏற்றத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், தள்ளாட்டம் உள்ளவர்கள் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். திரையில் வரும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

ட்ரெட்மில் காட்டும் வேகமே தப்பாக இருந்தால்?

இருக்கும். பழைய மெஷினில் பெல்ட் தளர்ந்து, கால் வைக்கும்போதெல்லாம் ஒரு நொடி வழுக்கி நிற்கும். எண்ணெய் விடாத பெல்ட்டும் இப்படித்தான் இழுக்கும். சோதிக்கப் பத்து நிமிடம் போதும்.

மெஷினை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். டேப்பை வைத்து அளந்து, அளந்த இடத்தில் இன்னொரு சின்னக் கோடு. பெல்ட்டைக் கையால் நகர்த்தி அங்கிருந்து மறுபடி அளந்துகொண்டே முதல் கோடுவரை வாருங்கள். முழுச் சுற்றளவு 3.2 மீட்டர் வந்தது என்று வைப்போம். இப்போது ஒருவர் மேலே நடக்கட்டும். காலி பெல்ட்டைச் சோதித்துப் பயனில்லை, எடை ஏறும்போதுதான் வழுக்கும். வேகத்தை 5.5-ல் வைத்து, இன்னொருவர் பக்கத்திலிருந்து சாக்பீஸ் கோட்டைப் போனில் வீடியோ எடுக்க வேண்டும். 20 சுற்று முடிய எத்தனை நொடி ஆனது?

20 × 3.2 = 64 மீட்டர். 5.5 கி.மீ. வேகம் உண்மையானால் 42 நொடி ஆக வேண்டும். 46 நொடி ஆனால் நிஜ வேகம் 64 ÷ 46 × 3.6 = 5.0 கி.மீ. இதுநாள்வரை பத்தில் ஒரு பங்கு தூரத்தைச் சும்மாவே கணக்கில் எழுதி வந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஸ்மார்ட் வாட்ச் இதைவிட நல்லதா?

இதயத் துடிப்புக்கு நல்லது, கலோரிக்கு அல்ல. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் மணிக்கட்டில் கட்டும் 7 கருவிகளை 60 பேருக்கு மாட்டிச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஏழில் ஆறு கருவிகள் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் அளந்தன. கலோரியில் இருப்பதிலேயே சிறந்த கருவி சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். அதற்குப் பிறகு கருவிகள் மாறியிருக்கலாம், அடிப்படைச் சிக்கல் மாறவில்லை. வாட்ச் அளப்பது துடிப்பையும் கை அசைவையும் மட்டும். ஆக்சிஜனை அது பார்ப்பதே இல்லை, ஊகிக்கிறது.

துடிப்பை அளப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. தோலுக்குள் பச்சை ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வருவதைக் கொண்டுதான் துடிப்பை எண்ணுகிறது. வார் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் வாட்ச் குலுங்கும். அந்தக் குலுங்கலையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 160 அடி வைத்து மெதுவாக ஓடுகிறீர்கள், துடிப்பு நிஜத்தில் 130, வாட்ச் பிசகாமல் 160 காட்டுகிறது என்றால் இதுதான் காரணம். காலடியையும் துடிப்பையும் தனித்தனியாக 30 நொடி எண்ணிப் பாருங்கள். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, அழுத்தமாக, தடம் பதிகிற அளவுக்குக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சைக்கிள் கைப்பிடியை மணிக்கட்டை மடக்கிப் பிடித்தாலும், கட்டுமிடத்தில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தாலும் எண் தடுமாறும். மார்பில் கட்டும் பட்டைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

இதயத் துடிப்பை வைத்துக் கணக்கிடும் சூத்திரம் ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்கிறதே?

2005-ல் வந்த சூத்திரம் அது. பெண்களுக்கு: (0.4472 × துடிப்பு − 0.1263 × எடை + 0.074 × வயது − 20.4022) ÷ 4.184 = நிமிடத்துக்குக் கலோரி. ஆண்களுக்கு: (0.6309 × துடிப்பு + 0.1988 × எடை + 0.2017 × வயது − 55.0969) ÷ 4.184.

நம் உதாரணப் பெண் உடற்பயிற்சிக்குப் புதியவர், நடக்கும்போது துடிப்பு 125 என்று வைப்போம். நிமிடத்துக்கு 7.38, 45 நிமிடத்துக்கு 332 கலோரி! அட்டவணையின் மொத்தக் கணக்கு 194. ஏன் இவ்வளவு இடைவெளி? தவறாமல் உடற்பயிற்சி செய்கிறவர்களை வைத்து உருவாக்கிய சூத்திரம் அது. அவர்களுக்குத் துடிப்பு 125 ஆக வேண்டுமானால் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பழக்கமில்லாதவருக்கோ சாதாரண நடையிலேயே 125 வந்துவிடும். இதயம் படபடப்பதற்காகக் கலோரி கூடுதலாக எரிவதில்லை.

பெண்களுக்கான சூத்திரத்தில் எடைக்கு முன்னால் கழித்தல் குறி இருப்பதையும் பாருங்கள். அதே துடிப்பில் 75 கிலோ பெண்ணுக்கு 312-தான் வரும். நடையில் கூடுதல் எடையைச் சுமப்பவர் குறைவாகச் செலவழிக்கிறார் என்று சொல்லும் கணக்கை நடைக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும். மாத்திரை துடிப்பை அடக்கிவிடுவதால் வாட்ச் குறைத்துக் காட்டும். அவர்கள் துடிப்புக் கணக்கை விட்டுவிட்டு வேகம், ஏற்றம், எடையை மட்டும் நம்பலாம்.

வெயிலில் நடந்தால், நிறைய வியர்த்தால் அதிகம் எரியுமா?

வாட்ச் அப்படித்தான் சொல்லும். சூட்டில் உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது. வியர்த்து நீரும் இறங்குகிறது. தசைக்கு அதே அளவு ஆக்சிஜன் கொண்டுபோக இதயம் வேகமாக அடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே வேகத்தில் நடந்தாலும் முதல் பத்து நிமிடத்தைவிடக் கடைசிப் பத்து நிமிடத்தில் துடிப்பு கூடுதலாக இருப்பது இதனால்தான். செலவு கிட்டத்தட்ட அதேதான். வாட்ச்சின் எண் மட்டும் ஏறும். சென்னைக் கடற்கரையில் மே மாதம் நடந்த நடையையும் டிசம்பரில் நடந்த நடையையும் வாட்ச் எண்ணை வைத்து ஒப்பிடுவது வீண்.

கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும்; ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஈரக்காற்றில் அது ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. சட்டை நனைகிறது, உடம்பு குளிர்வதில்லை, துடிப்பு இன்னும் ஏறுகிறது. அந்த 580-ஐ 'எரித்த கலோரி' என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே உண்டான வெப்பம்தான் வெளியே போகிறது. இடுப்பில் பிளாஸ்டிக் பெல்ட் சுற்றிக்கொண்டு நடந்து ஒரு கிலோ குறைத்தால், இரண்டு சொம்பு தண்ணீரில் அது திரும்பி வந்துவிடும்.

சைக்கிள், ரோயிங், எலிப்டிக்கல்: எதன் எண்ணை நம்பலாம்?

வாட் காட்டுகிற சைக்கிளை நம்பலாம். ஆள் செய்த வேலையை அது நேரடியாகவே அளக்கிறது. சராசரி வாட்டை நொடியால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் கிலோஜூல். 80 வாட்டில் 45 நிமிடம் = 216 கிலோஜூல். சைக்கிள் மிதிக்கும்போது நாம் செலவழிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சம் சூடாகப் போகிறது. ஒரு கலோரி 4.184 கிலோஜூல். இந்த இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுவதால் 216 கிலோஜூல் வேலைக்கு ஏறக்குறைய 206 முதல் 258 கலோரி மொத்தக் கணக்கில் வருகிறது. கிலோஜூலையே கலோரி என்று எழுதிக்கொண்டால் பெரிய தவறு வராது. மெதுவாக மிதிப்பவர்களுக்கு 258 பக்கம் இருக்கும்.

வாட் காட்டாத ஸ்பின் பைக்கில் வருவது வெறும் சுற்று எண்ணிக்கையை வைத்துச் செய்த ஊகம். எதிர்ப்பு இல்லாமல் 110 சுற்று மிதித்தால் கனமான சக்கரம்தான் உங்கள் காலைச் சுற்றிக்கொண்டிருக்கும்; எண்ணிக்கை மட்டும் எகிறும்.

கான்செப்ட்2 ரோயிங் மெஷின் வாட்டை ஒழுங்காக அளக்கும். ஆனால் மணிக்கு 300 கலோரியைத் தானாகவே கூட்டிக்கொள்கிறது. அது சுமார் 79 கிலோ ஆளுக்கான எண். 100 வாட்டில் அரை மணி நேரம் இழுத்தால் திரையில் 322. 60 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய 285.

எலிப்டிக்கலின் எண்ணைத் தள்ளிவிடுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் அடி நீளமும் சாய்வும் வேறு, பொதுச் சமன்பாடும் கிடையாது. மிதமான வேகத்துக்கு 5 மெட் என்று எடுத்து நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

மாடிப்படி ஏறினால்?

இதற்குப் பள்ளிக்கூட இயற்பியலே போதும். 60 கிலோவை 3 மீட்டர் மேலே தூக்க 60 × 9.8 × 3 = 1764 ஜூல், அதாவது 0.42 கலோரி. உடம்பின் திறன் 25 சதவீதம் என்றால் செலவு 1.7 கலோரி. ஒரு மாடிக்கு இரண்டு கலோரிகூட இல்லை. திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். அவ்வளவு உயரம் ஏறினால், திறன் 25 சதவீதமானால் 47, 20 சதவீதமானால் 58. உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஒரு டீ குடித்தால் அந்தச் சர்க்கரை மட்டுமே 40 கலோரி.

ஸ்கிப்பிங், பேட்மின்டன், நீச்சல்?

ஸ்கிப்பிங் நிமிடத்துக்கு 100 முதல் 120 குதி என்றால் 11.8 மெட். பத்து நிமிடத்துக்கு 108 கலோரி நிகரம் வரும், *கயிறு ஓடிய* பத்து நிமிடத்துக்கு. பெரும்பாலானோர் ஒரு நிமிடம் குதித்து ஒரு நிமிடம் மூச்சு வாங்குகிறார்கள். அவர்களுக்கு இருபது நிமிடம் ஆனால்தான் இந்தக் கணக்கு. பேட்மின்டன் நண்பர்களோடு ஆடினால் 5.5 மெட், போட்டியாக ஆடினால் 7. கோர்ட்டை மூன்று ஜோடி மாற்றி மாற்றி எடுத்தால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கழியுங்கள்.

நீச்சல் தனி ரகம். சாவகாசமான ஃப்ரீஸ்டைலுக்கு 5.8, வேகமாகப் போனால் 9.8. நன்றாக நீந்தத் தெரிந்தவர் குறைந்த செலவில் நீளத்தைக் கடந்துவிடுவார். புதியவர் அதே நீளத்துக்குத் தண்ணீரோடு மல்லுக்கட்டி நிறையச் செலவழிப்பார். தூரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், நீந்திய நிமிடத்தை வைத்துப் போடுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் மணிக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்குமாமே?

எரியும், கொஞ்சம். பயிற்சியின் நிகரச் செலவில் 6 முதல் 15 சதவீதம்; 15 என்பதெல்லாம் மிகக் கடுமையான பயிற்சிக்கு. 200 கலோரி எரித்தவருக்கு இன்னும் 12 முதல் 30. '48 மணி நேரம் கொழுப்பு எரியும்' என்று விளம்பரம் செய்யும் இடைவெளிப் பயிற்சி (சில நொடி முழு வேகம், பிறகு ஓய்வு என்று மாறி மாறிச் செய்வது) வகுப்புகள் இந்த எண்ணைச் சொல்ல மாட்டார்கள். நேரம் குறைவாக உள்ளவருக்கு அந்தப் பயிற்சி நல்லதுதான். ஆனால் அதில் ஆகும் கலோரியை வாட்ச்சால் பிடிக்க முடியாது: 20 நொடி முழு வேகத்தில் ஓடும்போது துடிப்பு இன்னும் ஏறியே இருக்காது, நின்ற பிறகுதான் உச்சத்துக்குப் போகும்.

'ஃபேட் பர்ன்' என்று எழுதியிருக்கும் வேகத்திலேயே நடக்கலாமா?

அந்த வேகத்தில் எரிவதில் கொழுப்பின் *விகிதம்* கூடுதல், மொத்தம் குறைவு. எடைக் கணக்கில் பார்ப்பது நாள் முழுதும் சேர்த்த மொத்தத்தை. பிடித்த வேகத்தில் நடங்கள்.

எரித்த கலோரிக்கு ஈடாகச் சாப்பிடலாமா?

எடை குறைக்கிறவர்கள் நிகரக் கணக்கில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். 149 எரித்தால் 75. சமையல் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் சுமார் 120 கலோரி என்பதை நினைவில் வையுங்கள். தோசைக்கல்லில் சுற்றி விடும் எண்ணெயில் கை கொஞ்சம் தாராளமானாலே அது போய்விடும்.

அதைவிடப் பெரிய தவறு, ஒரே பயிற்சியை இரண்டு முறை எண்ணுவது. தினசரித் தேவையைக் கணக்கிடும் ஆப்பில் 'லேசாக உடற்பயிற்சி செய்பவர்' என்று தேர்ந்தெடுத்தால் அது அடிப்படைச் செலவை 1.375-ஆல் பெருக்கும். நம் ஆளுக்கு 1208 × 1.375 = 1661. 'உட்கார்ந்தே இருப்பவர்' என்றால் 1.2 மடங்கு, 1450. இடையில் உள்ள 211 கலோரி உடற்பயிற்சிக்காகவே கொடுத்தது. அதன்பிறகு வாட்ச்சையும் இணைத்து அது காட்டும் கலோரியையும் சேர்த்துக்கொண்டால்? 'தினமும் நடக்கிறேன், கணக்காகத்தான் சாப்பிடுகிறேன், எடை ஏறுகிறது' என்று புலம்புகிறவர்களின் ஆப்பைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. வாட்ச்சை இணைப்பதாக இருந்தால் 1.2-ஐத் தேர்ந்தெடுங்கள், 1.375 வேண்டுமானால் வாட்ச்சைத் துண்டியுங்கள்.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் இந்தப் பாதிக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவர்கள் நடைக்கு முன்னும் பின்னும் என்ன சாப்பிடுவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

ஒரு மாதம் ஒழுங்காக நடந்தும் தராசு அசையவில்லையே?

வாரத்துக்கு 5 நாள், நாளைக்கு 150 என்றால் நான்கு வாரத்தில் 3000 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7700. ஆக, எல்லாமே கணக்குப்படி நடந்தாலும் 390 கிராம்தான். முந்தைய நாள் ஊறுகாய் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாலே உடம்பு அதைவிடக் கூடுதலாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் கழிவறை போய்வந்தபின், சாப்பிடும் முன் தினமும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய் உள்ள பெண்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதச் சுழற்சியின் இதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும்.

அந்த 390-ம் முழுதாகக் கைக்கு வருவதில்லை. பயிற்சியில் செலவழித்ததை உடம்பு வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கிறது. 1754 பேரின் தினசரி ஆற்றல் செலவை ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வு, கூடுதலாக எரித்ததில் சராசரியாக 28 சதவீதம் இப்படி ஈடாகிவிடுகிறது என்று கண்டது. உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்கு இந்தப் பங்கு இன்னும் கூடுதல். 390 கிராம் 280 ஆகிவிடுகிறது. இது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. இது போதாதென்று நாமும் மிச்சம் பிடிக்கிறோம்: காலையில் நடந்தாயிற்றே என்று மாலையில் லிஃப்ட்டில் போவது, தெருமுனைக் கடைக்கு வண்டியை எடுப்பது.

மூன்று மாதத்துக்கு முன் இதே நடைக்கு 300 காட்டிய வாட்ச் இப்போது 220 காட்டுகிறது. உடம்பு பழகிவிட்டதா?

இதயம் பழகிவிட்டது. அதே வேகத்துக்கு முன்பு 125 அடித்தது இப்போது 110-ல் முடித்துவிடுகிறது. வாட்ச் அதைப் பார்த்துக் கலோரியைக் குறைக்கிறது. உண்மையான செலவு எடை குறைந்த அளவுக்குத்தான் குறைந்திருக்கும். 60 கிலோ 57 ஆனால் 5 சதவீதம், அவ்வளவே. வாட்ச் வருத்தப்படுத்தும் இந்த எண் உண்மையில் நல்ல சேதி.

அப்படியென்றால் நோட்டில் எதை எழுதி வைப்பது?

தூரம், நேரம், ஏற்றம், அன்றைய எடை. இந்த நான்கும் இருந்தால் கலோரியை எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம். திரையில் வந்த கலோரியை மட்டும் எழுதினால் அதிலிருந்து எதையும் திரும்ப எடுக்க முடியாது. கலோரியும் வேண்டும் என்பவர்கள் ஒரே மெஷின், ஒரே வாட்ச், சரியான எடை என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். தவறானாலும் ஒரே மாதிரியாகத் தவறும் எண்ணை வைத்துப் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிடலாம்.

சந்தேகத்துக்கே இடமில்லாமல் அளக்க வழி இல்லையா?

இருக்கிறது. மூக்கையும் வாயையும் மூடும் முகமூடியை மாட்டி, உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனையும் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடையும் அளப்பது. 1949-ல் வியர் என்ற ஆய்வாளர் கொடுத்த சூத்திரம்தான் இன்றும்: ஆக்சிஜன் லிட்டர் × 3.94 + கார்பன் டை ஆக்சைடு லிட்டர் × 1.11 = கலோரி. விளையாட்டு அறிவியல் மையங்களிலும் சில பெரிய மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை உண்டு. போவதாக இருந்தால் வெறும் உச்ச ஆக்சிஜன் அளவை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஓய்வில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு நீங்கள் வழக்கமாக நடக்கும் வேகத்தில் ஆறேழு நிமிடம், இரண்டுக்கும் தனித்தனி எண் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் உங்கள் நடைக்கு உங்கள் உடம்பு கொடுக்கும் கூடுதல் செலவு கிடைக்கும். சோதனைக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடும் காபியும் வேண்டாம்.